புது எலக்ட்ரிக் கிட்டாரின் வயரிங்: எதை மாற்றலாம், எதில் தொடங்கலாம்

உங்கள் கேள்வி சுருக்கமாக இதுதான்: இரண்டு ஹம்பக்கர் (கம்பியின் அதிர்வை மின்சிக்னலாக்கும் பிக்கப்பில் இரட்டைச் சுருள் வகை), ஒரு வால்யூம், ஒரு டோன், எந்தப் பிக்கப் ஒலிக்க வேண்டும் என்று தேர்வதற்கு மூன்று நிலை டாகிள் சுவிட்ச் உள்ள புது கிட்டார். கைக்கு நன்றாக இருக்கிறது. ஆனால் சத்தம் மந்தம், வால்யூமைக் குறைத்தால் கூர்மை போய்விடுகிறது, வால்யூம் குமிழ் பாதி தூரம் ஒன்றுமே செய்யாமல் கடைசியில் திடீரென்று சத்தத்தை விழுங்குகிறது, கூடவே கொஞ்சம் இரைச்சல். பிக்கப் தொடங்கி ஜாக் (கேபிள் சொருகும் இடம்) வரை எல்லாவற்றையும் மாற்றிவிடலாம் என்று நினைக்கிறீர்கள், எங்கே தொடங்குவது?

பிக்கப்பில் தொடங்காதீர்கள். நீங்கள் சொன்ன நான்கு குறைகளில் கடைசி மூன்றுக்கும் பிக்கப் பெரும்பாலும் காரணமே இல்லை. முதல் குறைக்கும் அது காரணமா என்பது மற்றதைச் சரிசெய்த பிறகுதான் தெரியும். நிறையப் பேர் விலை உயர்ந்த பிக்கப் வாங்கி, அதைப் பழைய கன்ட்ரோல்களோடும் (வால்யூம், டோன் குமிழ்களின் அடியில் உள்ள மாறும் மின்தடைகள்) பழைய ஜாக்கோடும் இணைத்துவிட்டு, ‘பெரிய வித்தியாசம் இல்லையே’ என்று வருத்தப்படுவது இதனால்தான்.

பிக்கப் தனியாக ஒலிப்பதில்லை. காந்தத்தின் மேல் 0.06 மி.மீ. தடிமன் உள்ள செம்புக் கம்பியை ஆயிரக்கணக்கான சுற்று சுற்றியதுதான் அது. பழைய பாணி ஹம்பக்கர் ஒன்றின் இண்டக்டன்ஸ் (மின்னோட்ட மாற்றத்தைச் சுருள் எதிர்க்கும் தன்மை) 4 ஹென்றி அளவில் இருக்கும். நீங்கள் சொருகும் கேபிளுக்கு மீட்டருக்குச் சுமார் 100 பிக்கோஃபாரட் கெப்பாசிட்டன்ஸ் (மின்னூட்டத்தைத் தேக்கும் தன்மை) உண்டு. 5 மீட்டர் கேபிளையும் பிக்கப்பின் சொந்த கெப்பாசிட்டன்ஸையும் சேர்த்து 600 பிக்கோஃபாரட் என்று வைத்துக்கொண்டால், இரண்டும் சேர்ந்து 3,200 ஹெர்ட்ஸ் பக்கத்தில் ஒலியைத் தூக்கிக் கொடுக்கும், அதற்கு மேலே வேகமாகச் சரியும். அதே கிட்டாரில் 10 மீட்டர் கேபிள் போட்டால் அந்த மேடு 2,400 ஹெர்ட்ஸுக்கு இறங்கிவிடும். காதுக்கு நன்றாகவே தெரியும் மாற்றம் இது, பிக்கப்பைத் தொடக்கூட இல்லை.

மேடு எந்த இடத்தில் வரும் என்பதை பிக்கப்பும் கேபிளும் முடிவு செய்கின்றன என்றால், அது எவ்வளவு உயரமாக நிற்கும் என்பதை வால்யூம், டோன் கன்ட்ரோல்களின் மதிப்பு முடிவு செய்கிறது. இரண்டும் 500 கிலோ ஓம் என்றால், முழுக்கத் திறந்த நிலையிலும் பிக்கப்பின் மேல் 250 கிலோ ஓம் சுமை இருக்கும். இரண்டும் 250 என்றால் சுமை 125 கிலோ ஓம், மேடு அமுங்கிவிடும், ஒலி மழுங்கும். ஹம்பக்கருக்கு 500, சிங்கிள் காயிலுக்கு (ஒற்றைச் சுருள் பிக்கப்) 250 என்ற வழக்கம் வந்தது இதனால்தான். சிங்கிள் காயில் இயல்பாகவே கூர்மையானது, கொஞ்சம் அமுக்கினால் காதுக்கு இதமாக இருக்கும். ஹம்பக்கருக்கு அந்த அமுக்கல் ஆகாது.

சரி, திறப்பதற்கு முன்பே செய்ய வேண்டியவை சில உண்டு. வேறொரு கேபிளில், சின்ன கேபிளில் வாசித்துப் பாருங்கள். அப்புறம் பிக்கப் உயரம். கடைசி ஃப்ரெட்டில் கம்பியை அழுத்திப் பிடித்தபடி பிக்கப்பின் மேல்முனைக்கும் கம்பிக்கும் உள்ள இடைவெளியைப் பாருங்கள், 2 மி.மீ.யில் தொடங்கி முன்னும் பின்னும் நகர்த்தலாம். தொழிற்சாலையிலிருந்து வரும் கிட்டார்களில் கழுத்துப் பக்க பிக்கப் பல நேரம் தேவைக்கு மேல் உயரமாக இருக்கும், மந்தம் என்று தோன்றுவதில் பாதி அங்கேயே இருக்கலாம். ஸ்க்ரூடிரைவர் ஒன்று போதும், செலவே இல்லை. இதைச் செய்யாமல் சால்டரிங் அயர்னைச் சூடாக்காதீர்கள்.

அடுத்து மல்டிமீட்டர். கிட்டாரில் கேபிளைச் சொருகி, மறுமுனைப் பிளக்கின் நுனியிலும் உடலிலும் மீட்டரை வைத்து, வால்யூமும் டோனும் முழுக்கத் திறந்த நிலையில் ஓம் அளவைக் குறித்துக்கொள்ளுங்கள். 8 கிலோ ஓம் பிக்கப் என்றால் 7.8, 7.9 என்று காட்டும், ஏனென்றால் வால்யூம் கன்ட்ரோலும் அதனோடு இணையாக நிற்கிறது. டாகிள் நடுவில் இருந்தால் இரண்டு பிக்கப்பும் இணையாகி 4 கிலோ ஓம் அளவில் வரும். வால்யூமைப் பூஜ்ஜியமாக்கினால் பூஜ்ஜியம். கேபிளை ஆட்டும்போது எண் குதித்தால் ஜாக்கிலோ கேபிளிலோ கோளாறு. இந்த எண்களை எழுதி வையுங்கள், வேலை முடிந்ததும் ஒப்பிட வேண்டியிருக்கும்.

இப்போது பின் மூடியைத் திறந்து, எதையும் தொடுவதற்கு முன் நாலு கோணத்தில் போட்டோ எடுங்கள். கன்ட்ரோலின் முதுகில் அல்லது பக்கத்தில் ஏ500கே, பி500கே, பி250கே என்கிற மாதிரி அச்சடித்திருக்கும். இன்று கடைகளில் கிடைக்கும் பெரும்பாலான கன்ட்ரோல்களில் ‘பி’ என்றால் லீனியர் (திருப்பும் அளவுக்கு ஏற்ப மின்தடை சீராக மாறும்), ‘ஏ’ என்றால் ஆடியோ டேப்பர் (காது சத்தத்தை உணரும் விதத்துக்கு ஏற்ப மாறும்). ஐரோப்பாவில் செய்த சில பழைய பாகங்களில் இந்த எழுத்துகள் வேறு பொருளில் வரும், அதனால் அளந்து பார்ப்பது நல்லது. குமிழைச் சரிபாதியில் நிறுத்தி கன்ட்ரோலின் மூன்று கால்களில் (ஒயர் ஒட்டும் உலோக முனைகள்) நடுக் காலுக்கும் கிரவுண்டு காலுக்கும் இடையே அளங்கள். மொத்தத்தில் பாதி வந்தால் லீனியர், பத்தில் ஒரு பங்கோ அதற்குச் சற்று மேலோ வந்தால் ஆடியோ. கன்ட்ரோல் கழற்றிய நிலையில் இருந்தால்தான் இந்த அளவு சரியாக வரும்.

உங்கள் வால்யூம் குமிழ் பாதி தூரம் ஒன்றும் செய்யவில்லை என்றீர்களே, அது லீனியராக இருப்பதற்கே வாய்ப்பு அதிகம். பாதி திருப்பியும் 6 டெசிபல்தான் குறையும், காது அதைப் பெரிய இறக்கமாக எடுத்துக்கொள்ளாது, மீதி இறக்கம் முழுவதும் கடைசித் துண்டில் வந்து விழும். ஏ500கே ஒன்று போட்டால் அந்தக் குறை தீரும். ஆனால் அச்சடித்த மதிப்பை அப்படியே நம்ப வேண்டாம். 20 சதவீதம் வரை ஏறி இறங்குவது சாதாரணம், அதாவது 500 என்று எழுதியது 400 ஆகவும் இருக்கலாம், 600 ஆகவும் இருக்கலாம். இரண்டு மூன்று வாங்கி, அதிகம் காட்டுவதை வால்யூமுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

பெரிய உடல் கொண்ட 24 மி.மீ. கன்ட்ரோல் சின்ன 16 மி.மீ. கன்ட்ரோலைவிட நன்றாக ஒலிக்கும் என்று சொல்வார்கள். ஒரே மதிப்பு, ஒரே டேப்பர் என்றால் ஒலியில் வித்தியாசம் இல்லை. பெரியது உறுதியாக இருக்கும், திருப்பும்போது கைக்குச் சுகமாக இருக்கும், பலமுறை சால்டர் செய்தாலும் தாங்கும், அவ்வளவுதான். அமெரிக்க அளவுக் கன்ட்ரோலின் கழுத்து 9.5 மி.மீ., பல கிட்டார்களில் உள்ள மெட்ரிக் துளை அதைவிடச் சிறியது. துளையைப் பெரிதாக்க ட்ரில் போடாதீர்கள், அது சட்டென்று கடித்து பாலிஷைப் பெயர்த்துவிடும். கையால் சுற்றும் ரீமர் வைத்து மெதுவாக அகலப்படுத்துங்கள். குமிழும் பொருந்தாமல் போகலாம், தண்டில் உள்ள பற்களின் எண்ணிக்கை இரண்டிலும் வேறு. இந்தத் தொல்லையே வேண்டாம் என்றால் நல்ல மெட்ரிக் கன்ட்ரோலே வாங்கிவிடுங்கள், நஷ்டம் எதுவும் இல்லை.

வால்யூமைக் குறைத்தால் கூர்மை போவது தனிப் பிரச்சினை, ஆடியோ டேப்பர் போட்டாலும் அது தீராது. குமிழ் நடுவில் இருக்கும்போது சிக்னல் ஒரு பெரிய மின்தடையைத் தாண்டித்தான் கேபிளுக்குப் போகிறது. 500 கிலோ ஓம் கன்ட்ரோலில் அது அதிகபட்சம் 125 கிலோ ஓம் அளவுக்குப் போகும். அந்த 125 கிலோ ஓமும் கேபிளின் 500 பிக்கோஃபாரட்டும் சேர்ந்தால் 2,500 ஹெர்ட்ஸுக்கு மேலே உள்ளதெல்லாம் அடங்கத் தொடங்கும். இதற்கு இரண்டு வழி. ஒன்று ட்ரெபிள் பிளீட்: வால்யூமின் உள்ளே வரும் காலுக்கும் நடுக் காலுக்கும் இடையே ஒரு சின்ன கெப்பாசிட்டரும் அதோடு ஒரு ரெசிஸ்டரும். 680 பிக்கோஃபாரட், 150 கிலோ ஓம், இரண்டும் இணையாக, என்பது தொடங்க நல்ல மதிப்பு. கெப்பாசிட்டரை மட்டும் தனியாகப் போட்டால் குறைந்த சத்தத்தில் ஒலி மெலிந்து கீச்சென்று ஆகிவிடும், ரெசிஸ்டரை விடாதீர்கள். இணை ரெசிஸ்டர் டேப்பரைக் கொஞ்சம் மாற்றும், அதுவும் நினைவிருக்கட்டும்.

இன்னொரு வழியை ஐம்பதுகளின் வயரிங் என்பார்கள். புதிதாக ஒரு பாகமும் வாங்க வேண்டாம். டோன் சர்க்யூட்டை வால்யூமின் உள்ளே வரும் காலில் இணைப்பதற்குப் பதிலாக, வெளியே போகும் நடுக் காலில் இணைக்கிறீர்கள். குறைக்கும்போது கூர்மை அதிகம் மிஞ்சும். டோனும் வால்யூமும் ஒன்றையொன்று கொஞ்சம் பாதிக்கும், டோனைத் திருப்பினால் சத்தமும் லேசாக இறங்கும். உங்களைப் போல ஒரு வால்யூம், ஒரு டோன் உள்ள கிட்டாரில் நான் முதலில் இதைத்தான் செய்து பார்க்கச் சொல்வேன். ஒரு ஒயரை ஒரு காலிலிருந்து அடுத்த காலுக்கு மாற்றுவதுதான் மொத்த வேலை, பிடிக்காவிட்டால் பழையபடி மாற்றிவிடலாம்.

டோன் கெப்பாசிட்டரைப் பற்றி அதிகம் யோசிக்க வேண்டாம். ஹம்பக்கருக்கு 0.022 மைக்ரோஃபாரட், சிங்கிள் காயிலுக்கு 0.047 என்பது வழக்கம். மேலே முறையே 223, 473 என்று அச்சிட்டிருக்கும். டோனை முழுக்க மூடும்போது எவ்வளவு இருட்டாக வேண்டும் என்பதைத்தான் அந்த மதிப்பு சொல்கிறது. எண்ணெயில் ஊறிய காகிதக் கெப்பாசிட்டருக்கும் சாதாரண ஃபிலிம் கெப்பாசிட்டருக்கும், அளந்த மதிப்பு ஒன்றாக இருந்தால், கிட்டாரில் காதுக்கு எட்டும் வேறுபாடு கிடையாது. அந்தப் பணத்தை ஜாக்கிலும் சுவிட்சிலும் போடுங்கள். அவைதான் தினமும் தேய்கிற பாகங்கள், மலிவான ஜாக்கின் நாக்கு தளர்ந்துபோவதுதான் மேடையில் சத்தம் நின்றுபோவதற்குப் பெரிய காரணம்.

சால்டரிங்கில்தான் இந்த வேலை நிற்கிறது, அவசரப்படாதீர்கள். வெப்பநிலை மாற்றக்கூடிய, 60 வாட் அளவுள்ள அயர்ன் வேண்டும், முனை ஊசியாக இல்லாமல் தட்டை உளி மாதிரி இருக்கட்டும். ஈயம் கலந்த 60/40 அல்லது 63/37 சால்டர், உள்ளே ரோசின் உள்ளது, 0.8 மி.மீ. தடிமன், 350 முதல் 380 டிகிரி. குழாய் வேலைக்கு விற்கும் அமிலப் பேஸ்ட்டைக் கிட்டாருக்குள் கொண்டுவரவே கூடாது, நாளாக நாளாக இணைப்பை அரித்துவிடும். சால்டரை அயர்னில் உருக்கி எடுத்துப்போய்த் தடவாதீர்கள். ஒயரும் காலும் சூடாகி, அந்தச் சூட்டில் சால்டர் தானாக உருகி ஓட வேண்டும். ஆறும் வரை ஒயர் அசையக் கூடாது. ஆறியதும் பளபளப்பாக, ஒயரைச் சுற்றி வழிந்து ஒட்டியிருந்தால் நல்ல இணைப்பு. உருண்டையாகத் திரண்டு, சாம்பல் நிறத்தில் சொரசொரப்பாக இருந்தால் மறுபடி சூடாக்குங்கள்.

கன்ட்ரோலின் முதுகில் கிரவுண்டு ஒயரை ஒட்டுவதுதான் எல்லோருக்கும் கஷ்டமான இடம். அந்த உலோகம் சூட்டை இழுத்துக்கொண்டே இருக்கும், குறைந்த வாட் அயர்னை அரை நிமிடம் வைத்திருந்தால் சால்டர் பிடிக்காது, உள்ளே இருக்கும் கார்பன் தடம்தான் கெடும். முதுகை உப்புத்தாளால் நன்றாகத் தேய்த்து, சூடான பெரிய முனையால் முதலில் அங்கே ஒரு சொட்டு சால்டரைப் படர விடுங்கள். ஒயர் முனைக்கும் தனியாகச் சால்டர் பூசி, பிறகு இரண்டையும் சேர்த்தால் மூன்று நான்கு வினாடியில் முடிந்துவிடும்.

கிட்டாருக்குள் குனிந்து சால்டர் செய்வதைவிட, கன்ட்ரோல் துளைகளை ஒரு அட்டையில் அதே இடைவெளியில் வரைந்து வெட்டி, பாகங்களை அதில் மாட்டி, வெளியிலேயே வயரிங்கை முடித்துவிட்டு மொத்தமாக உள்ளே இறக்குங்கள். பிக்கப் ஒயர், பிரிட்ஜ் கிரவுண்டு (கம்பிகளைத் தாங்கும் பிரிட்ஜைக் கிரவுண்டோடு சேர்க்கும் ஒயர்), டாகிளுக்கும் ஜாக்குக்கும் போகும் ஒயர்கள் மட்டும் உள்ளே மிச்சமிருக்கும். அப்போது கிட்டாரின் மேற்பரப்பைத் துணியால் மூடிவிடுங்கள், தெறிக்கும் ஒரு சொட்டு பாலிஷில் நிரந்தரக் குழியாகிவிடும். கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள், ஜன்னல் திறந்திருக்கட்டும், முடித்ததும் கை கழுவுங்கள். பேட்டரி இல்லாத கிட்டாரில் உங்களுக்கு ஷாக் அடிக்கும் அளவு மின்சாரம் எதுவும் இல்லை. ஆம்ப் அப்படி இல்லை, பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதன் கெப்பாசிட்டர்களில் உயிருக்கு ஆபத்தான மின்னழுத்தம் தங்கியிருக்கும், இந்த உற்சாகத்தில் அதைத் திறந்துவிடாதீர்கள்.

கால்களின் வரிசை பலரைக் குழப்பும். தண்டு உங்களைப் பார்க்க, கால்கள் கீழே இருக்கும்படி வைத்தால் இடது கால் கிரவுண்டுக்கு, நடுக் கால் ஜாக்குக்கு, வலது கால் டாகிளிலிருந்து வரும் சிக்னலுக்கு. பின்பக்கமிருந்து பார்க்கும்போது இடம் வலம் மாறிவிடும், வரைபடம் எந்தப் பக்கத்திலிருந்து வரைந்தது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

இனி இரைச்சல். கிப்சன் கிட்டார் கம்பெனியில் செத் லவர் வடிவமைத்து 1955இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்து 1959இல் பெற்ற ஹம்பக்கரின் வேலையே, எதிரெதிர் திசையில் இணைத்த இரண்டு சுருளும் எதிரெதிர் காந்தமும் வைத்து, டிரான்ஸ்ஃபார்மர் போன்றவற்றிலிருந்து வரும் காந்த ஹம்மை (ரீங்கார இரைச்சலை) ஒன்றோடொன்று கழித்துவிடுவதுதான். அப்படியும் உங்கள் கிட்டார் இரைகிறது என்றால், வருவது பெரும்பாலும் காந்த ஹம் இல்லை, ஒயர்களும் கன்ட்ரோல்களும் காற்றிலிருந்து பிடிக்கும் மின்புல இரைச்சல். கன்ட்ரோல்கள் இருக்கும் பள்ளத்தை உட்புறம் மின்கடத்தும் பொருளால் மூடும் ஷீல்டிங் அதைத் தடுக்கும். அதனால்தான் இரைச்சலுக்காக வேறு ஹம்பக்கர் வாங்குவதில் பயனில்லை என்கிறேன்.

முதலில் இரைச்சலைச் சோதியுங்கள். கம்பியைத் தொட்டால் இரைச்சல் குறைகிறதா? அப்படியென்றால் பிரிட்ஜ் கிரவுண்டு வேலை செய்கிறது, ஷீல்டிங் போதவில்லை. தொட்டாலும் தொடாவிட்டாலும் ஒரே மாதிரி இரைந்தால் பிரிட்ஜுக்குப் போகும் ஒயர் அறுந்திருக்கலாம், மீட்டரில் பிரிட்ஜுக்கும் ஜாக்கின் உடலுக்கும் இடையே அளந்தால் ஒரு ஓமுக்குக் கீழே காட்ட வேண்டும். தொட்டால் அதிகமாகிறது என்றால் ஜாக்கில் ஒயர்கள் இடம் மாறியிருக்க வாய்ப்பு அதிகம்.

ஷீல்டிங்குக்கு ஒட்டும் பசையும் மின்சாரம் கடத்தும் வகைச் செம்பு டேப் வாங்குங்கள். பள்ளத்தின் தரையையும் சுவரையும் மூடியின் உட்புறத்தையும் ஒட்டி, ஒன்றின் மேல் ஒன்று ஏறும் இடங்களை மீட்டரில் சரிபார்த்து, முழுவதையும் ஒரு ஒயரால் கிரவுண்டில் சேருங்கள். சேர்க்காவிட்டால் ஒட்டியதே வீண். புது கிட்டார்களில் கறுப்பு ஷீல்டிங் பெயிண்ட் அடித்திருப்பார்கள், ஆனால் அதைக் கிரவுண்டோடு இணைக்கும் ஒயர் விட்டுப்போயிருக்கும், அதையும் பாருங்கள். மூடும்போது ஜாக்கின் நாக்கோ டாகிளின் காலோ செம்பில் இடித்தால் சத்தம் முழுவதும் போய்விடும், அந்த இடங்களில் இன்சுலேஷன் டேப் ஒட்டிவிடுங்கள். டாகிளுக்கும் ஜாக்குக்கும் நீளமாகப் போகும் சிக்னலுக்கு ஷீல்டு ஒயர், மற்ற இடங்களுக்கு 22 கேஜ் பின்னல் ஒயர். கிரவுண்டுகள் எல்லாம் ஒரே புள்ளியில் சேர வேண்டும் என்ற பேச்சுக்காக மெனக்கெட வேண்டாம், இந்த அளவுச் சின்ன சர்க்யூட்டில் இணைப்பு உறுதியாக இருப்பதுதான் முக்கியம்.

மூடியைப் போடும் முன் ஆம்பைச் சின்னச் சத்தத்தில் வைத்து, ஸ்க்ரூடிரைவரால் ஒவ்வொரு பிக்கப்பையும் லேசாகத் தட்டிப் பாருங்கள். டாகிள் எந்தப் பக்கம் இருக்கிறதோ அந்தப் பிக்கப் மட்டும் சத்தமாகக் கேட்க வேண்டும். முதலில் எழுதி வைத்த ஓம் அளவுகளையும் மறுபடி எடுத்து ஒப்பிடுங்கள்.

இவ்வளவும் முடித்துச் சில வாரம் வாசித்த பிறகும் ஒலியின் குணமே பிடிக்கவில்லை என்றால், அப்போது பிக்கப் மாற்றலாம். டிமார்ஸியோ கம்பெனி 1972இல் சூப்பர் டிஸ்டார்ஷன் என்ற பிக்கப்பைக் கொண்டுவந்த காலத்திலிருந்து மாற்று பிக்கப்புகளை ‘எத்தனை கிலோ ஓம்’ என்று கேட்டு வாங்கும் பழக்கம் இருக்கிறது, அந்த எண்ணை மட்டும் வைத்து முடிவெடுக்காதீர்கள். மெல்லிய கம்பி சுற்றினாலே ஓம் ஏறிவிடும். இண்டக்டன்ஸ் எவ்வளவு, காந்தம் எது என்று பாருங்கள். 4, 5 ஹென்றி என்றால் திறந்த ஒலி, 8க்குப் பக்கத்தில் போனால் தடித்த, நடுப்பகுதி தூக்கலான ஒலி. கம்பிகளின் இடைவெளி பிரிட்ஜ் பக்கம் 50 மி.மீ.யா 52, 53ஆ என்பதையும் அளந்து வாங்குங்கள். பேட்டரி போடும் ஆக்டிவ் பிக்கப் வாங்கினால் கன்ட்ரோல்கள் பொதுவாக 25 கிலோ ஓமாக மாற வேண்டும், மேலே சொன்ன மதிப்புகள் அதற்குப் பொருந்தாது.

நான்கு ஒயர் உள்ள பிக்கப்பாகவே வாங்குங்கள். இழுத்தால் சுவிட்சாகும் புஷ்-புல் கன்ட்ரோல் வைத்து ஒரு சுருளை அணைத்து சிங்கிள் காயில் ஒலி எடுக்கலாம். ஆனால் சத்தம் இறங்கும், ஹம்மும் திரும்பி வரும். இரண்டு சுருளையும் இணையாக மாற்றும் வயரிங் எனக்கு அதைவிடப் பிடிக்கும், இண்டக்டன்ஸ் கால் பங்காகி ஒலி தெளிந்துவிடும், ஹம் கழிவதும் அப்படியே இருக்கும். வாங்கும் முன் பள்ளத்தின் ஆழத்தை அளங்கள், புஷ்-புல் கன்ட்ரோல் சாதாரணக் கன்ட்ரோலைவிட நீளம், மெல்லிய உடல் கொண்ட கிட்டாரில் மூடி மூடாது.

ஒயர் நிறங்கள் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். செய்மர் டங்கனில் சிக்னல் கறுப்பு, கிரவுண்டு பச்சை, சேர்த்து ஒட்ட வேண்டியவை சிவப்பும் வெள்ளையும். டிமார்ஸியோவில் சிக்னல் சிவப்பு, கிரவுண்டு பச்சை, சேர்ப்பது கறுப்பும் வெள்ளையும். இரண்டு கம்பெனி பிக்கப்பைக் கலந்து போட்டு, டாகிள் நடுவில் இருக்கும்போது மட்டும் ஒலி மெலிந்து மூக்கால் பேசுவது மாதிரி வந்தால் இரண்டும் எதிர்க் கட்டத்தில் (ஒன்றின் சிக்னல் ஏறும்போது மற்றது இறங்கும் நிலையில்) இருக்கின்றன. நான்கு ஒயர் உள்ள பிக்கப் ஒன்றில் சிக்னலையும் கிரவுண்டையும் இடம் மாற்றினால் சரியாகும், ஷீல்டு ஒயர் மட்டும் கிரவுண்டிலேயே இருக்கட்டும். இதை ஒட்டுவதற்கு முன்பே கண்டுபிடிக்கவும் முடியும்: முள் உள்ள பழைய மாதிரி மீட்டரை மிகக் குறைந்த மின்னழுத்த அளவில் பிக்கப்போடு இணைத்து, ஸ்க்ரூடிரைவரைப் பிக்கப்பின் மேல் வைத்து வெடுக்கென்று எடுங்கள். இரண்டு பிக்கப்பிலும் ஒரே சுருளின் மேல் வைத்து இதைச் செய்யும்போது முள் ஒரே பக்கம் துள்ளினால் அந்த நிற வரிசையிலேயே ஒட்டிவிடலாம், எதிர்ப்பக்கம் துள்ளினால் ஒன்றின் ஒயர்களை இப்போதே இடம் மாற்றிக்கொள்ளுங்கள்.